சோதித்து வாங்கும் கருவி, நம்பி வாங்கும் கருவி

மாடிப்படிக்கு அடியிலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ ஒரு மேசையும் வைஸும் போட்டுச் சின்னதாகப் பட்டறை வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் கருவியின் விலை. ஒரே அளவுள்ள கை கிரைண்டர் தெரிந்த பெயரில் மூவாயிரம் ரூபாயை ஒட்டியும், யாரும் கேள்விப்படாத பெயரில் ஆயிரத்துச் சொச்சத்துக்கும் கிடைக்கிறது. பெட்டியும் நிறமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. நாற்பது உருப்படி அடங்கிய மலிவு ஸ்பேனர் பெட்டியின் விலைக்கு நல்ல நிறுவனத்தின் ஸ்பேனர் நாலைந்துதான் வரும். தொழிலில் இருப்பவர்களிடம் யோசனை கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "மலிவா வாங்காதீங்க, ரெண்டு தடவை செலவு" என்பார் ஒருவர். "முதல்ல மலிவாவே வாங்குங்க, எது உடையுதோ அதை மட்டும் நல்லதா மாத்திக்கலாம்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மரத்தையும் இரும்பையும் தொட்டுப் பிழைக்கிறவன் என்ற முறையில், இவ்விரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். இந்தக் கருவியை வேலையில் இறக்குமுன் என்னால் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியுமென்றால் மலிவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. முடியாதென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அது லாபமில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். குறைந்த தர இரும்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உருக்கைப் பதப்படுத்துவதிலும் பரிசோதிப்பதிலும் மிச்சம் பிடிப்பது. ஓர் உளியையோ ஸ்பேனரையோ சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதம் ஏற்றும்போது உலையின் வெப்பம் கொஞ்சம் பிசகினாலும் ஒரு ஈடு முழுவதும் கெடும். கவனமான நிறுவனம் ஒவ்வொரு ஈட்டிலும் சிலவற்றை எடுத்துக் கடினத்தை அளந்து, தேறாததை உருக்கப் போடும். அப்படிக் கழித்ததன் செலவும், அளந்தவரின் சம்பளமும் தேறியவற்றின் விலையில்தான் ஏறுகின்றன. மலிவுக் கருவியில் இந்தச் செலவு குறைவு அல்லது அறவே இல்லை. அதனால் நல்லதும் கெட்டதும் ஒரே பெட்டியில் வருகின்றன. ஒரே ஸ்பேனர் பெட்டியைப் பற்றி ஒருவர் பத்து வருடமாக உழைக்கிறது என்றும், இன்னொருவர் முதல் போல்ட்டிலேயே வாய் விரிந்துவிட்டது என்றும் சொன்னால் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். தொழிற்சாலை செய்யாமல் விட்ட பரிசோதனை வாங்குகிறவர் தலையில் விழுந்திருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தவருக்கு மலிவு உண்மையிலேயே மலிவுதான்.

அளவுக் கருவிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். துல்லியம் தேவைப்படுவதால் இவற்றில்தான் அதிகப் பணம் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிகச் சுலபமாகச் சோதிக்கக் கூடியவை இவைதான். மூலைமட்டத்தை நேரான விளிம்புள்ள பலகையில் அணைத்து, கூரிய பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், விரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை. அரை டிகிரி பிசகிய மட்டம் 200 மில்லிமீட்டர் நீளத்தில் ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் தள்ளிப்போகும். திருப்பிப் போட்டுப் பார்க்கும்போது அதுவே மூன்றரையாக விரிந்து வெறும் கண்ணுக்குத் தெரியும். சோதிக்காமல் அதே மட்டத்தை வைத்து 600 மில்லிமீட்டர் அகல அலமாரிப் பலகையை அறுத்தால் ஓரத்தில் ஐந்து மில்லிமீட்டர் கோணல் வந்து நிற்கும். ரசமட்டத்துக்கும் இதே முறைதான்: ஓரிடத்தில் வைத்துக் குமிழைப் பார்த்து, தலைமாற்றி அதே இடத்தில் வைத்தால் குமிழ் அதே கோட்டில் நிற்க வேண்டும். டேப்பில் அச்சடித்திருக்கும் ரோமன் எண் அதன் தர வகுப்பு. இரண்டாம் வகுப்பு டேப்புக்கு மூன்று மீட்டரில் 0.9 மில்லிமீட்டர் வரை பிழை அனுமதி உண்டு. மர வேலைக்கு அது போதும். டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறதே என்று அதைத் தட்டி இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது ஆடத்தான் வேண்டும். உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் இடையே கொக்கியின் கனத்தை ஈடுகட்டவே அந்த ஆட்டம் வைத்திருக்கிறார்கள். கடையில் நாலு மூலைமட்டத்தைச் சோதித்து நல்ல ஒன்றைப் பொறுக்கி எடுத்தால், ஐந்து மடங்கு விலையுள்ள மட்டம் செய்யும் வேலையை அது செய்யும்.

வெட்டும் கைக்கருவிகளும் பெரும்பாலும் இந்த வகைதான். நல்ல உளியின் கடினம் ராக்வெல் சி அளவில் 58க்கும் 62க்கும் இடையே இருக்கும். அதை அளக்க இயந்திரம் வேண்டாம், ஒரு புது அரம் போதும். உளியின் வாய்க்குச் சற்று மேலே அரத்தின் விளிம்பை லேசாக இழுத்தால், பதம் ஏறிய உருக்கில் அரம் வழுக்கும். மெத்தென்ற உருக்கில் கடித்துக்கொண்டு துகள் எடுக்கும். அடுத்து, நன்றாகச் சாணை பிடித்து, தேக்கின் முனைப்பகுதியில் குறுக்கே இறக்கிப் பாருங்கள். விளிம்பு மடங்கினால் பதம் போதவில்லை; பொடிப்பொடியாக உதிர்ந்தால் பதம் அதிகம். இரண்டும் இல்லாவிட்டால் அந்த உளி எத்தனை ரூபாயாக இருந்தால் என்ன? லாரி ஸ்பிரிங் பட்டையில் நம்மூர்க் கொல்லர் அடித்துத் தரும் உளி பளபளப்பில்லாமல் இருக்கும், ஆனால் கடையில் தொங்கும் பல உளிகளைவிட வாய் நிற்கும். இழைப்புளியும் அப்படித்தான். மலிவு இழைப்புளியில் அடிப்பாகம் தட்டையாக இராது, தகடு சரியாக உட்காராது. கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கப் பொறுமை இருந்தால் இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். அந்தப் பொறுமை இல்லாதவருக்கு விலையுயர்ந்த இழைப்புளியும் கொஞ்ச நாளில் மலிவு இழைப்புளியாகிவிடும். கூர் தீட்டாத எந்த இரும்பும் ஒன்றுதான்.

ஸ்பேனர், திருப்புளி விஷயத்தில் கணக்கு மாறத் தொடங்குகிறது. உளி மழுங்கினால் உளியோடு போகும். ஸ்பேனரின் வாய் விரிந்தாலோ போல்ட்டின் தலை உருண்டுவிடும், நஷ்டம் வேலையில் போய் விழும். அறுகோணத் தலையின் பக்கங்களை ஸ்பேனர் முழுவதுமாக அணைத்துப் பிடிக்க வேண்டும். வாய் கொஞ்சம் பெரிதாக இருந்தால்கூடப் பிடி பக்கத்திலிருந்து மூலைக்கு நகர்கிறது. மொத்த விசையும் மூலைகளில் குவிந்து அவற்றை வழித்துவிடுகிறது. இருசக்கர வாகன இன்ஜின் கவரில் ஒரு போல்ட் தலை உருண்டால், அதைத் துளையிட்டு எடுக்கும் கூலி ஒரு நல்ல ஸ்பேனர் விலையைத் தாண்டிவிடும். கடையிலேயே ஒரு புதுப் போல்ட்டில் மாட்டி ஆட்டிப் பார்த்து, தளர்வாக இருப்பதைக் கழிக்கலாம். உருக்கின் பதத்தை அப்படிப் பார்க்க முடியாது. ஆகவே வீட்டுப் பட்டறையில் அடிக்கடி கைக்கு வரும் 8, 10, 12, 14, 17 அளவுகளை மட்டும் தரமாக வாங்கிக்கொண்டு, எப்போதோ தேவைப்படும் மற்ற அளவுகளுக்கு மலிவுப் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு. தரம் என்றவுடன் ஜெர்மனியைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஜலந்தரிலும் லூதியானாவிலும் அடிக்கும் ஸ்பேனர்கள் உலகம் முழுக்க ஏற்றுமதியாகின்றன. நாசிக்கின் டபாரியா நம்மூர் மெக்கானிக்குகளின் பையில் தலைமுறையாக இருந்து வருகிறது. மலிவுக்கும் ஆடம்பரத்துக்கும் நடுவே இப்படி ஒரு வரிசை நம் நாட்டிலேயே இருப்பது வீட்டுப் பட்டறைக்காரர்களுக்குப் பெரிய வசதி. திருப்புளியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் நட்சத்திர ஸ்க்ரூக்களில் பல பிலிப்ஸ் வகை அல்ல, ஜப்பானியத் தர வகை. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பிலிப்ஸ் முனை அதில் முழுவதும் உட்காராமல் மேலேறி வழுக்கும். அங்கே ஸ்க்ரூ கெட்டதற்கு மலிவுத் திருப்புளியின்மேல் பழி போடுவது தவறு.

ட்ரில் பிட்டில் ஏமாற்று அதிகம். பொன்னிறமாக மின்னும் பிட்டெல்லாம் டைட்டானியம் பூசியது என்று விற்கிறார்கள். உண்மையான டைட்டானியம் நைட்ரைடு பூச்சு சில மைக்ரான் கனம்தான். உள்ளே இருப்பது சாதாரண உருக்காக இருந்தால் பூச்சினால் பெரிய பயன் இல்லை. சாதாரணக் கார்பன் உருக்கு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே பதம் இழக்க ஆரம்பிக்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் ஏறத்தாழ 600 டிகிரி வரை தாங்கும். அமெரிக்காவின் பெத்லகேம் உருக்காலையில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய இந்த உருக்கை 1900இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். பட்டறைகளின் வேகத்தையே அது மாற்றியது. மலிவு பிட்டுக்கும் நல்ல பிட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த ஒன்றில் அடங்கிவிடுகிறது. ஆனால் நல்ல பிட்டையும் எரித்துவிடலாம். பத்து மில்லிமீட்டர் பிட்டால் மைல்டு ஸ்டீலைத் துளைக்க நிமிடத்துக்கு 800, 900 சுற்றுப் போதும். வீட்டு ட்ரில்லை முழுவேகத்தில் விட்டால் 2,600ஐத் தொடும். வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, துகள் சுருளாக வருகிறதா என்று பார்த்து அழுத்துகிறவர் கையில் ஒரு பிட் எத்தனையோ துளைகளைப் போடும். இதையும் ஒரு துண்டு இரும்பில் சோதித்துப் பார்த்துவிடலாம் என்பதால், பிட் வாங்குவதில் ஆபத்து பணத்தோடு நிற்கிறது. வாங்குவதானால் நூறு பிட் அடங்கிய மலிவுப் பெட்டிக்குப் பதில், சென்னையின் அடிசன் போன்ற பெயருள்ள நிறுவனத்தின் பிட்டாக ஐந்தாறு அளவு வாங்குங்கள். வேலையைத் தொடும் முனைக்குத்தான் பணம் போக வேண்டும். அதைச் சுழற்றும் ட்ரில் கொஞ்சம் மலிவாக இருந்தாலும் துளை துளைதான்.

மின்கருவியின் உடலைப் பொறுத்தவரை வீட்டுக்காரருக்கும் கூலிக்கு வேலை செய்பவருக்கும் தேவை வேறு. நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு மலிவுக் கிரைண்டரின் சுருள் சில மாதங்களில் எரியும். மாதத்தில் சில மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது ஆண்டுக்கணக்கில் போதும். கார்பன் பிரஷ், சுவிட்ச், ஆர்மேச்சர் ஆகிய மூன்றும் உள்ளூரில் கிடைக்குமா என்று வாங்குமுன் கேட்க வேண்டும். மலிவுக் கருவிகளில் பல, பிரபல நிறுவனங்களின் பழைய மாடல்களைப் பார்த்துச் செய்தவை. அப்படிப்பட்டவற்றுக்கு வைண்டிங் கடைக்காரரிடம் உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கும். மின்சாரப் பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. கருவியின் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் இரட்டைக் காப்பு என்று பொருள். ஆனால் மலிவுக் கருவியில் அந்தக் குறியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதை நம்பிக் கிடப்பதைவிட, பட்டறைக்கு வரும் லைனில், மின்கசிவு ஏற்பட்டதும் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போட்டுவிடுவது மேல். கருவியில் விட்ட குறை அங்கே அடைபடும்.

இனிச் சோதிக்கவே முடியாதவற்றுக்கு வருகிறேன். கிரைண்டரில் மாட்டும் கட்டிங் சக்கரம் இவற்றில் முதலாவது. நான்கு அங்குலச் சக்கரம் 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்குமேல், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் போகிறது. ஒரு மில்லிமீட்டர் கனத் தகட்டில் துகளையும் வலையையும் பிசின் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் நமக்கும் அந்த வேகத்துக்கும் நடுவில் இருப்பது. பிசின் ஈரத்தில் பலவீனப்படும், வயதாகும். அதனால்தான் முறையான சக்கரத்தின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள்; பொதுவாகத் தயாரித்ததிலிருந்து மூன்று ஆண்டு. கடலோரச் சென்னையில் மழைக்காலம் முழுக்கக் கடை வாசலில் தொங்கிய சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று தட்டிப் பார்த்தோ வளைத்துப் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது. சோதனை என்பது ஓட்டிப் பார்ப்பதுதான். அதில் தோற்றால் துண்டு முகத்துக்கு வரும். நல்ல சக்கரத்துக்கும் மலிவுச் சக்கரத்துக்கும் விலை வித்தியாசம் சில பத்து ரூபாய். இதற்காகக் கண்ணைப் பணயம் வைப்பதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துவிட்டது. வேலைக்கு இடைஞ்சல் என்று காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, சின்னக் கிரைண்டரில் ஏழு அங்குலச் சக்கரத்தை மாட்டுகிறார்கள். சக்கரங்கள் பொதுவாக நொடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்துக்குச் செய்யப்பட்டவை. 180 மில்லிமீட்டர் சக்கரம் 11,000 சுற்றில் 100 மீட்டரைத் தாண்டும். விலையுயர்ந்த சக்கரமும் அங்கே உடையலாம்.

பேட்டரிக் கருவியில் பொய் பெட்டியின்மேலேயே எழுதியிருக்கிறது. 48, 88, 128 என்று பெரிய எண்ணைப் போட்டு, பக்கத்தில் வோல்ட் மாதிரித் தெரியும் எழுத்துகளை அச்சடிக்கிறார்கள். உள்ளே திறந்தால் ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கும். ஒரு செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதும் ஏற்றிய நிலையில் 21. அதற்குமேல் ஒன்றும் இல்லை. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வழக்கமான செல்லில், நல்ல நிறுவனத்ததாகவே இருந்தாலும், கொள்ளளவு 3,500 மில்லியாம்பியர்-மணியை ஒட்டித்தான் தேறும். வரிசையாக இணைத்தால் வோல்ட்தான் கூடும், கொள்ளளவு கூடாது. ஆகவே அத்தகைய ஐந்தே செல் உள்ள பெட்டியில் 6,000 என்று எழுதியிருந்தால் எழுதியவர் பொய் சொல்கிறார். இந்தக் கூட்டலை யாரும் கடையிலேயே போட்டுப் பார்க்கலாம். ஆனால் செல்களுக்கு இடையே சமநிலை பார்க்கும் சுற்று உள்ளதா, அளவுக்கு மீறி ஏறினால் துண்டிக்குமா என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிற வீட்டில் அது விளையாட்டல்ல. இதே காரணத்துக்காகப் பத்து ரூபாய் லைன் டெஸ்டரையும் நான் ஏற்பதில்லை. அதற்குள் இருக்கும் சிறிய மின்தடை ஒன்றுதான் 230 வோல்ட்டுக்கும் நம் விரலுக்கும் நடுவே நிற்கிறது. அந்தத் தடை சரியானதா என்று விரலை வைத்துச் சோதிக்கும்படி யாரிடமும் சொல்ல முடியாது.

வண்டிக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் ஜாக் ஸ்டாண்டு இந்த வகையில் கடைசி, ஆனால் மிகக் கொடியது. மலிவுக் கருவிகளுக்கென்றே பெயர்போன அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் மூன்று டன், ஆறு டன் ஸ்டாண்டுகள் சுமார் 17 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பு அச்சுகள் தேய்ந்துபோனதால், ஏற்றிய தண்டின் பற்களைத் தாங்கும் கொக்கி போதிய ஆழத்துக்குப் பற்றாமல் போகலாம் என்பது காரணம். அதே ஆண்டு ஜூலையில், மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றையும் பற்றவைப்புக் குறைக்காகத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேரால் இதைக் கண்ணால் கண்டுபிடித்திருக்க முடியும்? ஒரு முறை தாங்கிய ஸ்டாண்டு அடுத்த முறையும் தாங்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. இந்த நிகழ்ச்சியை மலிவு நிறுவனத்தைத் திட்டுவதற்காக நான் குறிப்பிடவில்லை. குறை தெரிந்ததும் அறிவிக்கவும், பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் அங்கே பெயரும் முகவரியும் கொண்ட ஒரு நிறுவனம் இருந்தது. நம் சந்தையில் மாதத்துக்கு ஒரு பெயர் மாறும் ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்டாண்டில் இதே குறை இருந்தால், எந்தப் பெயரைச் சொல்லி யார் திரும்ப அழைப்பார்கள்? சோதிக்க முடியாத கருவியில் நாம் கூடுதல் விலை கொடுப்பது அந்தப் பொறுப்புக்குத்தான்.

பெயரை நம்புங்கள் என்கிறாயே, சந்தையில் பாதி போலியாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரபலப் பெயர்களில் போலிச் சக்கரமும் போலி பிட்டும் புழங்குவது உண்மை. நிறுவனத்தின் பட்டியலில் பெயருள்ள அதிகாரப்பூர்வ விற்பனையாளரிடம் பில் போட்டு வாங்குவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை. மலிவுக் கருவியைச் சோதிக்கத் தெரிந்தவருக்குப் போலியைச் சோதிக்கவும் ஓரளவு தெரியும் என்பது மட்டும் ஆறுதல். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இத்தனை சோதனையும் தெரியாதே, அவர் நல்லதாகவே வாங்கிவிடலாமே என்பது இன்னொரு வாதம். பணம் இருந்தால் வாங்கட்டும், தடுக்கவில்லை. ஆனால் மூலைமட்டத்தைத் திருப்பிப் பார்ப்பதும் உளியில் அரம் போடுவதும் தொழிலின் பாடங்களே. அவற்றைக் கற்காதவருக்கு விலையுயர்ந்த மட்டம் கீழே விழுந்து கோணலாகிவிட்டதுகூடத் தெரியாது. உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற பழைய யோசனைக்கும் இங்கே பதில் இருக்கிறது: உளிக்கு அது சரி, ஸ்பேனருக்குப் பாதி சரி, சக்கரத்துக்கும் ஸ்டாண்டுக்கும் சரியில்லை. அங்கே உடைந்த பிறகு மாற்ற வேண்டியது கருவியாக மட்டும் இராது. பட்ஜெட் உண்மையிலேயே குறைவென்றால் புது மலிவைவிடப் பழைய நல்லது மேல். கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் பழைய வைஸும் சுத்தியல் தலையும் துருவை எடுத்தால் இன்னொரு ஆயுள் உழைக்கும். தாடைகள் நேராகப் பிடிக்கின்றனவா என்று ஒரு தாளைக் கவ்வ வைத்து இரு முனையிலும் இழுத்துப் பார்த்தாலே போதும்.

ஆகவே பட்டறைக்கென்று ஒதுக்கிய பணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் செலவின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஐஎஸ் 5983 முத்திரையுள்ள பாதுகாப்புக் கண்ணாடி, ஆர்சிசிபி, தேதி பொறித்த சக்கரங்கள். வண்டிக்கு அடியில் படுப்பவராக இருந்தால் பெயருள்ள நிறுவனத்தின் ஜாக் ஸ்டாண்டு. அடுத்து பிட்டும் அடிக்கடி கைக்கு வரும் ஐந்து ஸ்பேனரும். மிச்சப் பணத்தில் உளி, மட்டம், கிளாம்ப், சுத்தியல் எல்லாவற்றையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குங்கள். வாங்கியவுடன் சோதித்து, தேறாததை அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளாத கடையில் மலிவுக் கருவி வாங்காதீர்கள்.